வடக்கு வரிசைக் கட்டில்கள்

1

போன மாதம் வீடு மாறினோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸை விட்டே போய்விட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில்வே வேலியை ஒட்டியிருந்த பழைய வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி இன்னொரு வீடு. மாட்டு வண்டி மூன்று நடை அடித்தது, அவ்வளவுதான். அதற்கே என் மனைவி செல்லம், கப்பலில் வந்த ஏழு நாளும் பட்ட பாட்டைவிட அதிகம் பட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புது வீட்டில் எங்கள் மகள் பத்மாவுக்கென்று ஒரு சின்ன அறை. பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள், கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வந்ததும் வராததுமாகத் தன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முகத்தில் காற்று படும்படி மல்லாந்து படுத்துப் புத்தகத்தை விரித்துவிட்டாள். பாத்திர மூட்டையோடு உள்ளே போன செல்லம் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

“அடியே, எந்தப் பக்கம்டி தலைய வச்சிருக்க?”

“ஜன்னல் பக்கம்.”

“அது வடக்குடி!”

பத்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நார்த்ல தலை வச்சா என்னம்மா ஆகும்? காந்தம் இழுக்குமா?”

“காந்தம் இழுக்காது. யமன் இழுப்பான். எந்திரி மொதல்ல.”

‘வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே’ என்று நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருப்பார்கள். பத்மாவுக்கு யார் சொன்னார்கள்? வடக்கு என்றால் எந்தப் பக்கம் என்பதையே அவள் ஒரு விநாடி இங்கிலீஷில் யோசித்துத்தான் கண்டுபிடிக்கிறாள். அப்பாவாக இலட்சணமாக நான் இரண்டு பேரையும் சமாதானம் செய்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஏழாம் நம்பர் கட்டில்ல கெடந்தப்ப சிரிச்சீங்களா?” என்றாள் செல்லம்.

சிரிக்கவில்லைதான். ஆறு வருஷத்துக்கு முந்திய அந்தச் சமாசாரத்தை ஊருக்கு எழுதாமல் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேன். வெட்கம்தான் காரணம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்கிறது, வெட்கமும் கொஞ்சம் பழசாகிவிட்டது. ஆகையால் எழுதிவிடுகிறேன்.

2

கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் “அங்கே உனக்கு என்ன உத்தியோகம்?” என்று தவறாமல் கேட்கிறீர்கள். சர்க்கார் கட்டடங்களுக்குப் படம் வரைகிற உத்தியோகம் என்று மன்னார்குடியில் என் அத்தை மகனிடம் ஒருமுறை சொன்னேன். “நாடகத் திரைச்சீலை மாதிரியா?” என்று கேட்டான். இல்லை. கட்டடம் எழும்புவதற்கு முன் அதன் சுவர் எங்கே, கதவு எங்கே, மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று காகிதத்தில் மையால் கோடு போட்டுக் காட்டும் வேலை. யோசனை என்ஜினியர் துரையுடையது, கோடு என்னுடையது. மேஜைக்கு மேலே ஒரு விசிறி, பக்கத்தில் ஒரு மைக்கூடு, முதுகில் நிரந்தரமாக ஒரு வலி.

அந்த வருஷம் கோலாலம்பூரின் எல்லையில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு (பெயர் வேண்டாம்) தொற்றுநோய்க்காரர்களுக்கென்று தனி வார்டு கட்ட உத்தரவாயிற்று. சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, இப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுகிற நோய்களுக்கு. பெரியம்மைக்கு ஏற்கெனவே தூரத்தில் ஒரு கொட்டகை உண்டு. என்ஜினியர் துரை மூன்று விஷயம் சொன்னார். மாலை வெயில் உள்ளே வராதபடி வார்டு கிழக்கு மேற்காக நீண்டிருக்க வேண்டும். காற்று தலைக்கு மேலே போகட்டும், ஜன்னல்கள் உயரத்தில் இருக்கட்டும். கட்டில்கள் பட்டாளம் போல நேர்வரிசையில் நிற்க வேண்டும்.

நான் வரைந்தேன். நீள அறை, நடுவில் நடை, இரண்டு பக்கச் சுவரிலும் தலைமாட்டை ஒட்டி எட்டு எட்டுக் கட்டில். ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து ஐந்து அடி. ஒவ்வொரு கட்டிலுக்கும் நாலு கால் நிற்க வேண்டிய இடத்தில் சிமெண்டுத் தரையில் நாலு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டு என் சொந்த யோசனை, துரை முதுகில் தட்டிக்கொடுத்தார். எந்தப் படத்திலும் முதலில் வரைவது மூலையில் உள்ள வடக்குக் குறிதான். அம்பும் இறகுமாக நான் போடும் வடக்குக் குறிக்கு ஆபீசில் பெயர் உண்டு. அன்றைக்கு அதை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

கீழே என் பெயரின் முதலெழுத்துகளை இட்டேன். வடக்குச் சுவரை ஒட்டி எட்டு மனிதர்களை வடக்கே தலைவைத்துக் கிடத்தியிருக்கிறேன் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. டிராயிங் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தமிழ் மறந்துவிடும். அடியும் அங்குலமும்தான் ஓடும்.

3

ஊரில் அம்மை வந்தால் என்ன செய்வோம்? எனக்கு ஏழு வயதில் மணல்வாரி போட்டபோது கூடத்து மூலையில் பாய் விரித்தார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். யாரும் உள்ளே வரக்கூடாது, நான் வெளியே போகக்கூடாது. அதுவும் ஒதுக்கி வைப்பதுதான். ஆனால் ஜன்னல் தரையோடு தரையாக இருந்தது. பால்காரர் முதல் எதிர்வீட்டுச் சண்டைக்காரி வரை அதன் வழியே குனிந்து, “இறங்கிடுச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். வார்டு கட்டி முடித்த ஐந்தாம் மாதம் எனக்குச் சின்னம்மை வந்தபிறகுதான் அந்த எரிச்சலின் அருமை தெரிந்தது.

காய்ச்சலோடு ஆபீசுக்குப் போனேன். கழுத்தில் இரண்டு கொப்புளத்தைத் தலைமை குமாஸ்தா பார்த்துவிட்டார். அப்புறம் நடந்ததெல்லாம் வெகு வேகம். என் நாற்காலியைக் கழுவினார்கள், என் பேனாவைக் கொளுத்தினார்கள், என்னை மூடு வண்டியில் ஏற்றினார்கள். செல்லம் செய்தி கேட்டு ஓடிவருவதற்குள் என்னை என் வார்டிலேயே, வடக்கு வரிசை ஏழாம் நம்பர் கட்டிலில் சேர்த்துவிட்டார்கள். தான் கட்டின மாளிகையில் தானே குடிபுகுந்த ராஜாவைப் போல நாலாபுறமும் பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது. படுத்தால் கூரைக் கட்டை, உட்கார்ந்தால் பலகைச் சுவர், நின்றால்கூட ஜன்னலில் ஒரு துண்டு வானம். ஐந்து அடி என்று எழுதினபோது ஐந்து அடி எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது.

4

அந்த வார்டுக்கு ஒரே வேலையாள் முனியாண்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், முன்பு ரயில் பாதையில் கல் கொட்டினவர். இந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தில் ஒரு வேலையாளை ‘அவர்’ என்று எழுதுவதைப் பார்த்து ஊரில் சிலர் புருவத்தை உயர்த்தலாம். பதினெட்டு நாள் என் முதுகுக் கொப்புளங்களைப் பஞ்சால் துடைத்துவிட்டவரை ‘அவன்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

முதல் நாளே கவனித்தேன், தெற்கு வரிசையில் எல்லாரும் ஒழுங்காகப் படுத்திருந்தார்கள். எங்கள் வடக்கு வரிசையில் எட்டில் ஆறு பேர் தலையணையில் காலை நீட்டிக்கொண்டு, கால்மாட்டில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். தண்ணீர்ச் சொம்பும் துப்பும் கிண்ணமும் தலைமாட்டில், தலை இன்னொரு பக்கம். முனியாண்டி ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒடுங்கிப் புகுந்து சொம்பை எடுத்து, சுற்றி வந்து வாயில் ஊற்றிவிட்டு, மறுபடி புகுந்து வைத்துவிட்டு வருவார். பெரிய டாக்டர் வரும் மணியடித்தால் ஓடியோடி ஆறு பேரையும் திருப்பிப் போடுவார். போனதும் அவர்கள் மறுபடி திரும்பிக்கொள்வார்கள்.

“ஏன் முனியாண்டி இந்தப் பாடு?” என்றேன். ஆபீஸ் குமாஸ்தாவை இங்கே ‘கிராணி’ என்பார்கள், என்னையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

“வேற என்ன செய்றது கிராணி ஐயா? வடக்க தலை வச்சா ஒருத்தனுக்கும் தூக்கம் வரமாட்டேங்குது. புள்ளையாருக்கு எந்த யானைத் தலைய வெட்டி வச்சாங்க? வடக்க தலை வச்சுப் படுத்திருந்த யானைத் தலையத்தானே. அத ஒருத்தன் சொல்லிட்டான், வார்டு பூராவும் பத்திக்கிச்சு. மூணு பேரு ஓடியே போயிட்டான். ஓடினவன நான்தான் விட்டுட்டேன்னு டாக்டர் துரை ஏசுறாரு.”

“கட்டிலையே திருப்பிப் போடக்கூடாதா?”

“கீழ பொட்டு வச்சிருக்காங்களே. பொட்டு தாண்டினா அதுக்கும் ஏச்சு. எந்த மகராசனோ வெள்ளைக்காரன் பிளான் போட்டிருக்கான். அவனுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும், பாவம்.”

அந்தப் ‘பாவம்’ என் காய்ச்சலை ஒரு டிகிரி ஏற்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

நான் படித்தவன் இல்லையா? வடக்காவது தெற்காவது என்று வீம்பாகத் தலையணையில் தலை வைத்துப் படுத்தேன். தூக்கம் வந்தது. ஆனால் விழித்துப் பார்க்கும்போது தலையணையில் என் கால் இருந்தது. எப்போது திரும்பினேன் என்று எனக்கே தெரியாது. மூன்று நாளும் இப்படித்தான். நாலாம் நாள் காலை மணியடித்தது கேட்காமல் தூங்கிவிட்டேன். முனியாண்டி மற்றவர்களைத் திருப்பிவிட்டு, கிராணி ஐயா ஒழுங்காகத்தான் படுத்திருப்பார் என்று நம்பி என்னை விட்டுவிட்டார். டாக்டர் துரை வந்து, என் முகத்துக் கொப்புளத்தைப் பார்க்கத் தலையணைப் பக்கத்துப் போர்வையைத் தூக்கினார். இரண்டு உள்ளங்கால்கள் அவரைப் பார்த்தன.

“இவரை யார் இப்படிப் படுக்கவைத்தது?” என்று முனியாண்டியின் பக்கம் திரும்பினார். துரைக்குக் கோபம் வந்தால் மீசை மட்டும் ஆடும்.

முனியாண்டி தலைகுனிந்து நின்றார். சொல்ல வேண்டியவன் நான். நான் வரைந்த படம் ஐயா, என் பிழை ஐயா என்று நாலு வார்த்தை போதும். பதறி எழுந்து உட்கார்ந்து, “ஐயா, என் தலை வடக்கே போக மாட்டேன் என்கிறது” என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். டாக்டர் என்னைக் கவலையோடு பார்த்தார். நாடியைப் பிடித்தார். ஜன்னி கண்டு பிதற்றுகிறார் என்று சீட்டில் எழுதி, என் தலையில் ஐஸ் பை வைக்கச் சொல்லிவிட்டு, இனி ஓர் ஆள் திரும்பிப் படுத்திருந்தாலும் மேலே எழுதிவிடுவேன் என்று முனியாண்டியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு முனியாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். “ஒங்க தலை எங்கதான் போகணும்னு சொல்லுது ஐயா?” நானும் சிரித்தேன், உள்ளே மட்டும் குறுகுறுவென்றிருந்தது.

5

மறுநாள் முனியாண்டி கஞ்சி வாளி எடுத்துவரப் போன நேரத்தில் ஐந்தாம் நம்பர் ஆள் போய்விட்டார். செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், உடம்பு முழுக்கக் கொப்புளத்தோடு பின்கதவு வழியாகக் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பக்கம் போனதைச் சமையல்காரர் பார்த்திருக்கிறார். இவர் போய் எத்தனை வீட்டில் நோயை வைப்பாரோ. டாக்டர் துரை இந்தத் தடவை மீசையைக்கூட ஆட்டவில்லை. சனிக்கிழமையோடு முனியாண்டிக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் முனியாண்டி எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிவிட்டுத் தன் பங்கை நின்றுகொண்டே குடித்தார். அவருக்கு உட்கார இடம் இல்லை. வேலையாள் குளிக்க இடம் வரைந்திருந்தேன், கையலம்பத் தொட்டி வரைந்திருந்தேன், உட்கார ஒரு பெஞ்சு வரைய எனக்குத் தோன்றவில்லை.

“இனி எங்க போவீங்க முனியாண்டி?”

“எங்க போறது? பழைய கூலி லைன் வீட்டுக்குப் போனேன்னா, தொத்து வார்டு ஆளுன்னு கிட்டவே சேக்க மாட்டேங்குறாங்க. பாசார் கடைக்காரன் சாமான கையில குடுக்காம தரையில வைக்கிறான். கோயில்ல வரிசையில நின்னா முன்னாலயும் பின்னாலயும் எடம் விட்டுடுறாங்க. நல்லதுதான், நெருக்கடி இல்ல.” அதற்கும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “இந்த வேல போனா குடியிருக்குற ரூமும் போயிரும் ஐயா. சம்சாரமும் மூணு புள்ளைங்களும் அங்கதான் இருக்கு.”

இனிமேலும் என்னால் முடியவில்லை. “முனியாண்டி, பிளான் போட்டது வெள்ளைக்காரன்னு சொன்னீங்களே. அந்த வெள்ளைக்காரன் நான்தான்.”

கஞ்சிக் குவளை பாதியில் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருக்கலாம். “ஒங்களுக்குத் தெரியுமே ஐயா” என்று மட்டும் சொன்னார்.

தெரியும். தெரிந்திருந்தும் வரைந்தேன்.

என்ஜினியர் துரைக்கு உண்மையை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இங்கேதான் சர்க்கார் குறுக்கே வந்தது. தொற்று வார்டுக்குள் போன காகிதம் வெளியே போகக்கூடாது. மனிதன் குணமாகி வெளியே போகலாம், அவன் எழுதின கடிதம் போகக்கூடாது. எனக்கோ இன்னும் பதின்மூன்று நாள் பாக்கி, முனியாண்டிக்கு மூன்றே நாள். மாலை ஐந்து மணிக்கு உறவுக்காரர்கள் வந்து வேலிக்கு அப்பால் நிற்பது வழக்கம். வேலிக்கும் வார்டுக்கும் நடுவே முப்பது அடி. செல்லத்தின் குரல் கேட்டது. கட்டில்மேல் ஏறி நின்று ஜன்னலில் முகத்தை வைத்தேன்.

செல்லம் என் முகத்தைப் பார்த்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பத்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள்.

“பத்மா! நோட்டுப் புஸ்தகம் இருக்கா? நான் சொல்றத எழுது. இங்கிலீஷ்ல எழுது. துரை ஆபீஸ்ல குடுக்கணும்!”

அவள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். நான் முப்பது அடிக்குக் கேட்கும்படி கத்தினேன். “ஐயாவின் சமூகத்துக்குப் பணிந்து விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்” என்று ‘ஐ பெக்’ போட்டு ஆபீஸ் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். பத்மா எழுதவில்லை.

“அப்பா, நீங்க தப்பு செஞ்சீங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப சாரின்னுதானே ஆரம்பிக்கணும்? ஏன் பெக் பண்றீங்க?”

வேலியோரம் இருபது பேர் நின்றார்கள். வார்டுக்குள் பதினான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். இரகசியமாகச் செய்த தப்பை ஊர் கேட்கக் கத்தி ஒப்புக்கொள்ளும்படி விதி என்னைக் கட்டில்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தது. “சாரின்னே போடு” என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். வடக்கு வரிசையை, கறுப்புப் பொட்டை, ஓடிப்போன நாலு பேரை, முனியாண்டியின் பேரில் குற்றமில்லை என்பதை. நான் சொன்ன இங்கிலீஷை அவள் இரண்டு இடத்தில் திருத்தினாள். ‘இது முற்றிலும் என் பிழை’ என்ற இடத்தில் திருத்தவில்லை. நான் முடித்ததும் தெற்கு வரிசையிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

“இத்தனை பேரு முன்னால சொல்லணுமா? வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா?” என்று செல்லம் அழுதாள்.

“அவருக்கு ஆயிடுச்சேம்மா” என்றேன். செல்லம் முனியாண்டியைப் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று கேட்கவும் இல்லை. பத்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள்.

6

மறுநாள் மாலை என்ஜினியர் துரையே வேலியோரம் வந்து நின்றார். நான் ஜன்னலில், அவர் தொப்பியோடு கீழே.

“எல்லா நோயாளிகளுக்கும் இந்த ஆட்சேபம் உண்டா?” என்று கத்தினார்.

“தமிழர்களில் பாதிப் பேருக்குத்தான் ஐயா. வடக்குப் பாதிக்கு!”

“வடக்குக் குறியை வாழைமரம் உயரத்துக்குப் போட்டது நீர்தானே?”

“நான்தான் ஐயா.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்கு ஒரு யோசனை சொன்னேன். வடக்கு வரிசைக் கட்டில்களை அப்படியே திருப்பி, கால்மாட்டைச் சுவரோரமும் தலைமாட்டை நடைப்பக்கமும் வைத்தால் போதும். தலை தெற்கே வந்துவிடும். முனியாண்டி சந்தில் நுழையாமல் நடையில் நின்றபடியே தண்ணீர் கொடுத்துவிடலாம். ஒரு வாரம் பார்ப்போம், அதுவரை முனியாண்டியும் இருக்கட்டும் என்று அவர் டாக்டரிடம் பேசினார். டாக்டர், வார்டு பார்க்க அலங்கோலமாக இருக்கும் என்றார். அலங்கோலமாகத்தான் இருந்தது. ஆனால் வடக்கு வரிசை முதல் நாளே குறட்டை விட்டது. அந்த வாரம் ஒருவரும் ஓடவில்லை. எதிர் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்ததால் தொண்டைக்குள் பார்க்கவும் சௌகரியமாக இருக்கிறது என்று டாக்டரே கண்டுபிடித்து, தன் யோசனையைப் போல எழுதிவைத்தார். எழுதிக்கொள்ளட்டும். முனியாண்டியின் பேரில் இருந்த உத்தரவை அதே பேனாவால் அடித்தார். சம்சாரத்திடம் சொல்லப் போன முனியாண்டி அரைமணி நேரம் வரவில்லை. அதற்காக அன்று யாரும் அவரை ஏசவில்லை.

என் கடிதமோ ஃபைலாகி மூன்று ஆபீசுகளைச் சுற்றியது. ஓர் ஆபீஸ், வடக்கு என்பது சுகாதார விஷயமா, மத விஷயமா என்று கேட்டிருந்தது. மத விஷயமானால் ஃபைல் தங்களுடையதல்ல என்று திருப்பிவிட்டது. அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய மேல் உத்தியோகம் இன்னொருவருக்குப் போயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

ஆனால் கிள்ளானில் அடுத்த தனி வார்டு கட்டும்போது வரையச் சொன்னது என்னைத்தான். இந்தத் தடவை காய்ச்சல்காரன் கண்ணால் வரைந்தேன். உட்கார்ந்தால் பாதை தெரியும்படி ஜன்னலை இரண்டடிக்கு இறக்கினேன். வேலையாளுக்குத் தனி வராந்தா, பெஞ்சு, பாதையைப் பார்த்த ஒரு ஜன்னல். வேலியை முப்பது அடியிலிருந்து பதினைந்துக்குக் கொண்டுவந்தேன். வார்டையே தெற்கு வடக்காக நீட்டி, மேற்கே அகல வராந்தாவும் மூங்கில் தட்டியும் வைத்து, கட்டில்கள் எல்லாம் கிழக்கே தலை. இனி யார் என்ன சொல்ல முடியும்?

ஆபீஸ் பியூன் இஸ்மாயில் சொன்னான். மை காய விரித்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “இதில் படுத்தால் கால் எந்தப் பக்கம் நீளும்?” என்று மலாயில் கேட்டான். மேற்கே என்றேன். “நாங்கள் மேற்கே பார்த்துத்தான் தொழுகிறோம். அந்தப் பக்கம் காலை நீட்டச் சொல்கிறீர்களா?” தலையில் கை வைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த சீனத் தச்சர் அதைக் கேட்டுவிட்டு, எங்கள் ஆட்கள் வாசலைப் பார்த்துக் கால் நீட்டிப் படுக்கமாட்டார்கள், பிணத்தைத்தான் அப்படிக் கொண்டுபோவார்கள் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்.

அன்று முழுக்கப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கட்டில்களை எல்லாம் அழித்துவிட்டேன். தரையில் பொட்டு கிடையாது. கட்டில்களுக்கு இரும்புச் சக்கரம் வைக்க வேண்டும், வருகிற ஆளைக் கேட்டுப் போட வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். என்ஜினியர் துரை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கோலாலம்பூர் வார்டுக்கும் அதையே செய்யச் சொன்னார். அங்கே ஜன்னல்களுக்குக் கீழே பலகையை அறுத்து இறக்கினார்கள், வேலையாளுக்குப் பெஞ்சு போட்டார்கள், பொட்டுகளைச் சுரண்டினார்கள். எந்தப் பக்கம் தலை என்று கேட்கும் வேலை முனியாண்டிக்கு.

7

சக்கரம் பொருத்தின மாதம் அளவு சரிபார்க்கக் கோலாலம்பூர் வார்டுக்குப் போனேன். எனக்குத்தான் அம்மை வந்து போயிற்றே, கேட்டில் யாரும் தடுக்கவில்லை. முனியாண்டி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொன்னேன்.

அப்போது ஒருவரைக் கொண்டுவந்தார்கள். செமினிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். முப்பது வயதிருக்கும், தட்டம்மை, கண் சிவந்திருந்தது. கையில் ஒரு துணி மூட்டை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார். முனியாண்டி கையலம்பிவிட்டு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எந்தப் பக்கம் தலை வச்சுக்கிறீங்க?”

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலும்.

“ஒங்களத்தான் கேக்குறேன்.”

“நீங்க சொல்ற பக்கங்க.”

“நான் சொல்றது கெடக்கட்டும். படுக்கப்போறது நீங்க. ஒங்களுக்கு எப்படித் தோது?”

அவர் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “இங்கேருந்து செமினி எந்தப் பக்கங்க?”

முனியாண்டி என்னைப் பார்த்தார். நான் தெற்கு ஜன்னலைக் காட்டினேன், கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி.

“அப்ப அதப் பாத்தாப்புல போட்டுருங்க.”

முனியாண்டிக்கு முகம் மாறிவிட்டது. தணிந்த குரலில் சொன்னார்: “அண்ணே, அதப் பாத்துப் படுத்தா தலை வடக்க வந்துரும்ணே. வேணாம். ஆவாது.”

“தெரியுங்க. இருக்கட்டும். புள்ளைங்க ரெண்டும் அந்தப் பக்கந்தான் இருக்கு.”

முனியாண்டி என்னைக் கேட்காமலேயே கட்டிலை வடக்குச் சுவரோரம் தள்ளினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வந்தவர் ஏறிப் படுத்து, தலையணையில் தலையைச் சாய்த்து, கால்களுக்கு மேலாக எதிர் ஜன்னலைப் பார்த்தார். நானும் குனிந்து அவர் கண் உயரத்தில் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டின் புகைக்குழாயும், ஒரு தூங்குமூஞ்சி மரமும் இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“தெரியுதாண்ணே?” என்று முனியாண்டி கேட்டார்.

“நல்லாத் தெரியுதுங்க” என்றார் அவர்.